ஊர்வலம் ஒரு மணி நேரம், காத்திருப்பு மூன்று மணி நேரம்: அடிலெய்டு கிறிஸ்துமஸ் பவனிக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வது பற்றி

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அடிலெய்டுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. நான்கு வயது மகளும் எட்டு மாத மகனும் இருக்கிறார்கள். மகளின் மழலையர் பள்ளியில் எல்லோரும் நவம்பரில் வரும் கிறிஸ்துமஸ் பேஜன்ட் என்ற தெருப் பவனியைப் பற்றியே பேசுகிறார்கள். அவ்வளவு பேர் கூடும் தெருவுக்கு, இந்த நாட்டு வெயிலில், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாமா, அல்லது மகளை மட்டும் ஒருவர் அழைத்துப் போய்வருவதுதான் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். "சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்கத் தோளில் ஏறி உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா" என்று உங்கள் கணவர் கேட்பதாகவும், மகளுக்கு முகமூடி அணிந்தவர்களைக் கண்டால் பயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெயிலையும் கூட்டத்தையும் பற்றிய கேள்வியாக இது அமைந்திருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இந்த நிகழ்ச்சியில் குழந்தைகளை வாட்டுவது எது, அதைப் பெற்றோர் குறைக்க முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்பு முடித்து, பதினான்கு ஆண்டுகளாக இந்நகரில் குழந்தைகள் பிரிவில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகள் பொது நிகழ்ச்சிகளில் முதலுதவித் தன்னார்வலராகவும் நின்றிருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள், உங்கள் மகனைப் பார்த்ததும் இல்லை. அவர் குறைமாதத்தில் பிறந்தவராகவோ, இதயம், சிறுநீரகம் தொடர்பான சிகிச்சையில் இருப்பவராகவோ இருந்தால், கீழே நான் சொல்பவற்றை ஒதுக்கிவிட்டு அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். நலமாக வளரும் குழந்தைகள் என்றால், இருவரையும் அழைத்துச் செல்லலாம் என்பதே என் கருத்து. நான் பார்த்தவரையில் குழந்தைகள் வாடுவது ஊர்வலத்தால் அன்று. ஊர்வலம் வருவதற்கு முன் பெற்றோர் அவர்களை உட்கார வைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தால். முன்வரிசை இடத்துக்காக ஆறரை மணிக்கே வந்து அமர்ந்து, அலங்கார வண்டிகள் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் குழந்தை அழுது களைத்து உறங்கிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கலாம். என் மகனின் முதல் பவனியில் நானே அதைத்தான் செய்தேன். தண்ணீரும் தொப்பியும் எடுத்துப்போன செவிலியர், வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை யோசிக்கவில்லை.

அதை விளக்குமுன் அந்த நாளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஜான் மார்ட்டின்ஸ் என்ற பெரும் பல்பொருள் கடையை நடத்திய எட்வர்ட் ஹேவர்ட், வட அமெரிக்க நகரங்களில் கடைக்காரர்கள் நடத்திய கிறிஸ்துமஸ் ஊர்வலங்களைப் பின்பற்றி 1933இல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், இதைத் தொடங்கினார். போர்க்காலத்தில் 1941 முதல் 1944 வரை நடக்கவில்லை. பெருந்தொற்றின்போது 2020இல் தெருவை விட்டு அடிலெய்டு ஓவல் மைதானத்துக்கு மாறியது. மற்றபடி நகர மக்களின் நாள்காட்டியில் அசைக்க முடியாத ஒரு நாள். பண்டிகைக் கால வியாபாரத்தின் தொடக்கமாகப் பிறந்த ஊர்வலம் என்பதால்தான், கிறிஸ்துமஸுக்கு ஆறேழு வாரம் முன்பே, நவம்பர் முற்பகுதியின் சனிக்கிழமை ஒன்றில் வருகிறது. கடைக்காரரின் கணக்கு நமக்கும் ஒரு வகையில் நல்லதாகவே முடிந்தது: டிசம்பர் கடைசியில் நாற்பது டிகிரியைத் தொடக்கூடிய ஊரில், நவம்பர் தொடக்கத்தின் சராசரி உச்ச வெப்பம் இருபத்தைந்தை ஒட்டியே இருக்கும். ஆனால் சராசரியை நம்பி உடை எடுத்து வைக்க முடியாது. அதே வாரத்தில் பதினாறு டிகிரிச் சாரலும் வரும், வடக்கிலிருந்து வீசும் பாலைக்காற்றில் முப்பத்தைந்தும் வரும்.

இங்கேதான் நம் ஊரிலிருந்து வருபவர்கள் ஏமாறும் இடம் இருக்கிறது. நமக்கு வெயில் என்றால் வெக்கை. வியர்த்தால் வெயில், குளிர்ந்த காற்று அடித்தால் வெயில் இல்லை. தோலையும் கண்ணையும் பாதிக்கும் புற ஊதாக் கதிரோ வெக்கையைப் பார்த்து வருவதில்லை, சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்தே வருகிறது. தென்கோளத்தில் சூரியன் உச்சம் தொடும் நாள் டிசம்பர் 21, 22 என்பதால், நவம்பர் முதல் வாரச் சூரியனும் பிப்ரவரி முதல் வாரச் சூரியனும் நண்பகலில் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் நிற்கும். நாள்காட்டிப்படி அது இன்னும் வசந்தம், ஸ்வெட்டர் போட்டவர்களைக்கூடப் பார்ப்பீர்கள். கதிர்வீச்சைப் பொறுத்தவரை கோடை வந்துவிட்டது. மேகமற்ற நாளில் புற ஊதாக் குறியீடு, பாதுகாப்பு தேவை என்று சொல்லப்படும் 3 என்ற அளவைக் காலை ஒன்பது, ஒன்பதரை மணியளவிலேயே தாண்டிவிடும். ஊர்வலம் முடிந்து நீங்கள் எழும் பதினொன்றரைக்கு "மிக அதிகம்" என்ற படியை எட்டியிருக்கும். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் உச்சி வேளை ஒரு மணியளவில்தான் வருகிறது. ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியை, குறியீடு ஏறுமுகமாகவே இருக்கும் நேரத்தில் நீங்கள் பார்க்கிறீர்கள் என்பது அதன் பொருள்.

"நம் நிறத்துக்குச் சன்ஸ்கிரீன் எதற்கு" என்ற பேச்சு நம் வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கருமையான தோலுக்கு, அதன் நிறத்துக்குக் காரணமான மெலனின் ஓரளவு இயற்கைக் காப்பு அளிக்கிறது. அத்தகைய தோல் உடையவர்களுக்கு வைட்டமின் டி குறைபாடே பெரிய கவலை. ஆஸ்திரேலியத் தோல், புற்றுநோய் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், மிகக் கருமையான தோல் உடையவர்கள் அன்றாடம் சன்ஸ்கிரீன் பூச வேண்டியதில்லை, ஆனால் குறியீடு 3-க்கு மேல் இருக்கும்போது இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து வெளியில் இருந்தால் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பவனி நாள் அந்த விதிவிலக்குக்குள் விழும் நாள். தவிர, நம் குழந்தைகளில் பெரும்பாலோர் மாநிறம். தோலின் மெலனின் கண்ணைக் காப்பதும் இல்லை. எனவே இருவருக்கும் கழுத்தை மறைக்கும் அகல விளிம்புத் தொப்பியும், தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டையும் முதல் காப்பாக இருக்கட்டும். துணி மறைக்காத இடங்களுக்கு மட்டும், கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பு 50-க்கு மேல் குறியுள்ள சன்ஸ்கிரீன் பூசி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பூசுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதை நம்பியிருக்கக் கூடாது என்பது இங்குள்ள அறிவுரை. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டார். முதல்முறை என்றால் இரண்டு நாள் முன்பே அவர் கையில் சிறிதளவு பூசி, தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி, எங்கே உட்காருவது. மற்ற எல்லாவற்றையும் விட அதிக வேறுபாட்டைத் தருவது இது என்று நான் நம்புகிறேன். ஊர்வலம் சவுத் டெரஸில் தொடங்கி, கிங் வில்லியம் தெரு வழியே வடக்கு நோக்கி வந்து, நார்த் டெரஸில் முடிகிறது. தெரு தெற்கு வடக்காக ஓடுவதால், காலை முழுவதும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் வெயில் மேற்கு நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் நேராக அடிக்கும். கிழக்கு நடைபாதையில் உட்கார்ந்தால் வெயில் முதுகுப் பக்கம். விக்டோரியா சதுக்கத்துக்கும் நார்த் டெரஸுக்கும் இடையே உயரமான கட்டிடங்கள் இருப்பதால், அவற்றின் நிழல் நடைபாதையின் மேலேயே விழும், பதினொரு மணிக்குக்கூடச் சுவரை ஒட்டி ஒரு பட்டை மிச்சமிருக்கும். சதுக்கத்தைச் சுற்றிய திறந்தவெளியில் அந்த வசதி இல்லை. நண்பகலில் வெயில் வடக்கிலிருந்து வரும் என்பதை என் முதல் ஆண்டில் நான் மனத்தில் வாங்கியிருக்கவில்லை. தலைக்கு மேல் நிற்கும் சூரியனோடு வளர்ந்தவளுக்கு அது இயல்பாக வரவில்லை. மேற்குப் பக்கம் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மகனை மடியில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

கிழக்குப் பக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தெரு மூடப்பட்டு ஊர்வலம் நகரத் தொடங்கிய பிறகு குறுக்கே கடக்க முடியாது. ரயில் நிலையம் நார்த் டெரஸில், கிங் வில்லியம் தெருவுக்கு மேற்கே இருப்பதால், ரயிலில் வருபவர்கள் முன்கூட்டியே கடந்துவிட வேண்டும். டிராமை நம்புவதானால், அன்று காலை அது ஊர்வலப் பாதையில் ஓடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தெற்கு முனையில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஊர்வலம் அங்கிருந்தே புறப்படுவதால் காத்திருப்பும் அங்கே குறைவு, என் அனுபவத்தில் கூட்டமும் குறைவு, நிழல்தான் குறைவு. காலை மேகமாக இருந்தால் தெற்கு, வெயிலாக இருந்தால் வடபகுதியின் கிழக்கு நடைபாதை என்று நாங்கள் இப்போது முடிவு செய்கிறோம். எட்டரை மணிக்கு மேல் வந்தால் முன்வரிசை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் சாலையில் தீட்டியிருக்கும் நீலக் கோட்டுக்குப் பின்னே குழந்தைகளை முன்னால் விட்டு, பெரியவர்கள் பின்னால் நிற்பது இந்த ஊரின் வழக்கம். நான்கு வயதுக் குழந்தைக்கு ஒதுங்கி இடம் விடாதவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஊர்வலம் வரும் வரை குழந்தைகள் மூடிய சாலையில் சாக்கட்டியால் வரைந்துகொண்டிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்குக் கோலம் போடத் தெரியும் என்பதால் என் மகளைச் சுற்றி ஒருமுறை சிறிய கூட்டமே கூடியது. ஒரு பெட்டி சாக்கட்டி அரை மணி நேரக் காத்திருப்பைத் தின்றுவிடும்.

கைக்குழந்தையின் விஷயத்தில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட உடலின் மேற்பரப்பு அதிகம். சுற்றுப்புறம் தோலின் வெப்பத்தைவிடச் சூடாகும்போது அவர்கள் பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை வாங்கிக்கொள்வார்கள் என்பது உறுதி. தாகத்தைச் சொல்லத் தெரியாத வயது, தானாக நிழலுக்கு நகர முடியாத வயது என்பதும் உறுதி. அதற்கு மேல், குழந்தைகளின் உடலுக்கு வெப்பத்தைச் சமாளிக்கும் திறனே குறைவு என்று நாங்கள் மாணவர்களாக இருந்தபோது படித்தது இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. போதிய நீர் கிடைத்தால் பள்ளி வயதுக் குழந்தைகள் பெரியவர்களுக்கு நிகராகவே தாங்குகிறார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2011இல் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் அந்த ஆய்வுகள் ஓடி ஆடும் பெரிய பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றைக் காட்டி எட்டு மாதக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்வது சரியல்ல.

தள்ளுவண்டியைப் பற்றி ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெயில் படாதிருக்க அதன் மேல் துப்பட்டாவையோ துண்டையோ போர்த்தி நான்கு பக்கமும் மூடிவிடுகிறோம். காற்று நின்று, உள்ளே வெளியைவிடச் சூடாகிறது. சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அளந்து பார்த்தபோது, உலர்ந்த துணியால் மூடிய வண்டிக்குள் வெப்பம் ஏறியது. அதே மெல்லிய துணியை நீரில் நனைத்துப் போட்டபோது இறங்கியது, சிறு மின்விசிறி சேர்த்தால் இன்னும் இறங்கியது. எனவே போர்த்துவதானால் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் போடுங்கள், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நனையுங்கள், ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும், கையை உள்ளே விட்டு அடிக்கடி பாருங்கள். மார்போடு கட்டித் தூக்கும் பை கூட்டத்தில் வசதியானது, ஆனால் அதில் இரு உடல்களின் சூடும் சேர்கிறது. நடக்கும்போது அதிலும், உட்கார்ந்த பின் வெளியிலும் வையுங்கள். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். எட்டு மாதம் என்பதால் காய்ச்சி ஆறவைத்த நீரும் இடையிடையே சிறிது கொடுக்கலாம்.

மகளுக்கு உணவாக, பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைத்தான் நான் பரிந்துரைப்பேன். தயிர்சாதம் ஐஸ் கட்டியோடு குளிர்பையில் இருந்தால் மட்டும் சரி. உப்புச் சிப்ஸ் பொட்டலமும் இனிப்புப் பானமும் தாகத்தையும் சிறுநீரையும் பெருக்கும், கழிப்பறையோ கூட்டத்துக்கு அப்பால் இருக்கும். ஒன்பது மணிக்குள் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப்போய் வந்துவிடுங்கள்.

குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சிணுங்கினாலோ, முகம் சிவந்து சோர்ந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மூன்று நான்கு மணி நேரமாக டயப்பர் நனையாமல் இருந்தாலோ, ஊர்வலம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். நிழலில் சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே பால் அல்லது நீர் கொடுங்கள். பாரசிட்டமால் கொடுக்க வேண்டாம். அது காய்ச்சலைக் குறைக்கும், வெயில் சூட்டைக் குறைக்காது. எழுப்பியும் எழாமல் மயக்க நிலையில் இருந்தால் 000-ஐ அழையுங்கள், அருகிலுள்ள முதலுதவியாளரையோ காவலரையோ கையசைத்துக் கூப்பிடுங்கள்.

உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். கூட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரும்பாலும் சரி. மூன்று லட்சம் பேர் வருவதாகச் சொல்லப்பட்டாலும், அவர்கள் நீண்ட தெருவின் இரு பக்கமும் பரவி உட்கார்ந்திருக்கிறார்கள். தேரோடு நகரும் கூட்டத்தின் நெரிசல் இங்கே இல்லை. தோளில் ஏற்றுவது மட்டும் வேண்டாம் என்பேன். தோளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகளைப் பணியில் பார்த்திருக்கிறேன். கூட்டம் உண்மையில் நெருக்குவது கடைசி வண்டி கடந்த பிறகு, எல்லோரும் ஒரே நேரத்தில் எழும் இருபது முப்பது நிமிடங்களில்தான். குழந்தை கைநழுவுவதும் அப்போதுதான். அந்நேரம் அசையாமல் உட்கார்ந்திருங்கள், அல்லது கிழக்குப் பக்கம் ரண்டில் மால் கடைவீதிக்குள் ஒதுங்குங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு என்று வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "நீ பார்ப்பாய் என்று நினைத்தேன்" என்ற வாக்கியத்தை முதலுதவிச் சாவடியில் பலமுறை கேட்டிருக்கிறேன். காலையில் கிளம்பும்போது மகளை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கைப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள், தொலைந்தால் நடந்து தேடாமல் நின்ற இடத்திலேயே நின்று சீருடை அணிந்தவரையோ, குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவையோ கூப்பிடச் சொல்லுங்கள்.

வானிலையைப் பார்த்து முடிவெடுக்கும்போது, அன்றைய உச்ச வெப்பத்தை அன்று, பதினொரு மணிக்கான வெப்பத்தைப் பாருங்கள். வானிலைத் துறை மணிவாரியாகத் தருகிறது. உச்சம் பிற்பகலில்தான் வரும், அதற்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். பதினொரு மணிக்கு முப்பதுக்குக் கீழ் என்றால் இருவரையும் அழைத்துச் செல்வேன். அதற்கு மேல், காற்று வடக்கிலிருந்து என்றால், மகனை ஒருவர் வீட்டில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பார்க்கட்டும். இந்த முப்பது நானாக வைத்துக்கொண்ட அளவு. எந்த மருத்துவ வழிகாட்டியிலும் உள்ள எண் அன்று.

மகளின் பயம் அந்த வயதுக்கு இயல்பானது. இரண்டிலிருந்து நான்கைந்து வயது வரை முகம் மறைத்த உருவம் பல குழந்தைகளை மிரட்டும். அதைக் கிண்டல் செய்து போக்க முடியாது. பவனியில் கோமாளிகள் சைக்கிளில் ஓரமாக வந்து குழந்தைகளிடம் கைநீட்டுவார்கள், பைப் வாத்தியக் குழுக்கள் காதருகே ஊதிக்கொண்டு போகும். முந்தைய ஆண்டுகளின் காணொளிகளை இரண்டு நாள் சேர்ந்து பாருங்கள், கோட்டுக்கு அருகில் அல்லாமல் உங்கள் மடியில் இரண்டாம் வரிசையில் உட்கார வையுங்கள், கைகொடு என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். கிறிஸ்துமஸ் தாத்தா கடைசியாகத்தான் வருவார், அதுவும் உயரமான வண்டியில், எட்டாத தூரத்தில். என் மகள் முதல் இரண்டு ஆண்டுகள் என் துப்பட்டாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி அசைத்தாள். மூன்றாம் ஆண்டு, இந்த வெயிலில் அவர் ஏன் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறார் என்று கேட்டாள்.